ஊளை நின்ற காலம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

திருத்தணி என்றதும் எல்லோர் கண்முன்னும் நிற்பவை மலையும், மலைமேல் கோயிலும், ஏறிச் செல்லும் 365 படிகளும்தாம். ஆடிக் கிருத்திகைக் காவடிகளைப் பற்றி எழுத நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். எல்லைப் போராட்டத்தைப் பற்றியும், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் சென்னை மாநிலத்தோடு இணைந்த வரலாற்றைப் பற்றியும் எழுத வரலாற்றுத் துறை நண்பர்கள் இருக்கிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது நரியை. அதிலும் சொறி பிடித்த நரியை. இதைக் கேட்டதும் என் வகுப்பு நண்பர்கள் சிரித்தார்கள். இம்மலரைப் புரட்டும் நீங்களும் சிரிக்கலாம். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுச் சிரியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் சிற்றூர் திருத்தணியிலிருந்து நகரி செல்லும் சாலையை விட்டு விலகி, வயல் வரப்புகளில் நடந்து சேர வேண்டிய ஊர். என் தந்தையாரை நாங்கள் நைனா என்று அழைப்போம். அவருக்கு இருபத்திரண்டு வெள்ளாடுகளும், வானம் பார்த்த ஒரு துண்டு வேர்க்கடலைக் கொல்லையும் உண்டு. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூடத்தின் உள்ளே சென்றது, தேர்தலில் வாக்களிக்கச் சென்றபோதுதான். அவ்வா, அதாவது என் பாட்டி, ஆந்திரப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இன்றும் ஆடுகளைத் தெலுங்கில்தான் திட்டுவாள். எங்கள் ஊரைப் பொறுத்தவரை மாநில எல்லை என்பது சாலையோரத்தில் நிற்கும் ஒரு பலகை. ஆடும் அதை அறியாது, நரியும் அதை அறியாது.

யாருக்காவது எதிர்பாராத நன்மை வந்துவிட்டால், "நரி முகத்தில் முழிச்சியா?" என்று ஊரில் கேட்பார்கள். அவ்வா அதையே, "நக்க வாலை மிதிச்சிட்டு வந்தியா?" என்று தன் மொழி வழக்கில் கேட்பாள். தெலுங்கில் நரிக்கு நக்க என்று பெயர். ஒருவர் முகத்தைச் சொல்கிறார், ஒருவர் வாலைச் சொல்கிறார். ஆனால் இரண்டு மொழியிலும் நரி நல்வாய்ப்பின் அடையாளமாகவே இருக்கிறது. எனக்குப் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்தபோது அவ்வா இப்படித்தான் கேட்டாள். அப்போது எங்கள் ஊரில் மிதிப்பதற்கு ஒரு நரி வால்கூட இல்லை என்பதை நான் மட்டும் நினைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் சிறு வயதில், பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரத்தில் ஊருக்கு மேற்கே உள்ள கரட்டிலிருந்து ஊளை கிளம்பும். முதலில் ஒன்று நீட்டி இழுக்கும். உடனே இரண்டாவது சேர்ந்துகொள்ளும். பிறகு குட்டிகளின் கீச்சுக் குரல்கள் சேர, கரடு முழுவதும் கூடிக் கச்சேரி நடத்துவது போல இருக்கும். ஊர் நாய்கள் பதிலுக்குக் குரைக்கும். அவ்வா அந்த நேரத்தில்தான் உலை வைப்பாள். எங்கள் வீட்டில் கடிகாரம் வருவதற்கு முன்பு இருந்த கடிகாரம் அது.

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். நாம் நரி என்று சொல்வது ஆங்கிலத்தில் ஜாக்கால் எனப்படும் விலங்கு. விலங்கியலில் அதன் பெயர் கானிஸ் ஆரியஸ். வெட்டவெளிகளில் வளை தோண்டி வாழும், உருவில் சிறிய, வால் நுனி கறுத்த குள்ளநரி வேறு இனம். அதன் பெயர் வல்பஸ் பெங்காலென்சிஸ். நரி ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து குடும்பம் நடத்தும். எலி, ஓணான், இலந்தைப் பழம், செத்த ஆடு என்று கிடைத்ததை உண்ணும். அவ்வப்போது ஆட்டுக்குட்டியையும் தூக்கும். அதனால் நைனாவுக்கு நரி மீது அன்பு கிடையாது. ஆனால் வெறுப்பும் கிடையாது. மழையைத் திட்டுவது போலத் திட்டிவிட்டு மறந்துவிடுவார்.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது எனக்குச் சிரங்கு வந்தது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு எங்கும் கொப்புளங்கள். பகலில் பொறுத்துக்கொள்ளலாம். இரவில் அரிப்பு தாங்க முடியாது. அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். விளக்கு வெளிச்சத்தில் என் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி முனையால் கொப்புளத்தின் ஓரத்தைக் கிளறி எதையோ எடுத்துத் துணியில் துடைப்பாள். "இன்னாம்மா எடுக்கிற?" என்று கேட்டால், "பூச்சிடா" என்பாள். எனக்குக் கண்ணில் ஒன்றும் தெரியாது. அம்மா எனக்கு விளையாட்டுக் காட்டுகிறாள் என்று எண்ணிக்கொள்வேன்.

வகுப்பில் என்னைத் தனியே ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதங்கள் நான் அப்படி இருந்தேன். கரும்பலகையில் எழுதச் சொன்னால், நான் தொட்ட சுண்ணக்கட்டியை அடுத்தவன் தொடமாட்டான். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது தொற்றும் நோய்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் அந்த மூன்று மாதம் எவ்வளவு நீளம் என்பதை அனுபவித்தவர் அறிவர்.

அதே சமயத்தில் எங்கள் நாய் மணிக்கும் சொறி வந்தது. காது ஓரங்களில் தொடங்கி, முழங்கை, வயிறு என்று பரவி முடி கொட்டி, தோல் தடித்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. இரவெல்லாம் திண்ணையில் காலால் சொறியும் ஓசை கேட்கும். ஊரில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். நாயிடமிருந்துதான் பையனுக்கு வந்தது. "அத்த எங்கனா கொண்டுபோய் உட்டுட்டு வாடா" என்றார் நைனா.

சொன்னவர் நைனா. செய்தவன் நான். கோணிப் பையில் மணியைக் கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்து, கரட்டுக்கு அப்பால் ஓடைப் பக்கம் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டேன். அது ஏதோ விளையாட்டு என்று எண்ணிச் சைக்கிள் பின்னாலேயே ஓடி வந்தது. நான் இறங்கி ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். முன்னங்காலில் பட்டது. அது நின்றுவிட்டது. குரைக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தேன். அதன் பிறகு மணியை நான் பார்க்கவே இல்லை.

சில மாதங்கள் சென்றன. ஒரு விடியற்காலையில் ஆடுகளை ஓட்டிச் சென்றபோது, கரட்டடியில் ஒரு விநோதமான பிராணியைக் கண்டேன். வாலில் முடி இல்லை, கயிறு போல இருந்தது. உடம்பெல்லாம் பொருக்கு. பட்டப்பகலில் மனிதனைக் கண்டும் ஓடத் தெம்பில்லாமல் நின்றது. அது நரி என்று தெரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஊரில் அதைப் பார்த்தவர்கள் ஏதோ பேய் என்றார்கள், காட்டு நாய் என்றார்கள். சில நாட்களில் அது கால்வாயில் செத்துக் கிடந்தது. பிறகு இன்னொன்று. பிறகு குட்டி ஒன்று. அடுத்த மார்கழியில் கரட்டில் ஊளை இல்லை. அவ்வா உலை வைக்க வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

மணியை அந்த ஓடையில் விட்டவன் நான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பொழுது சாயும் ஒவ்வொரு நாளும் அந்த அமைதி என்னைப் பார்த்துப் பேசுவது போலவே இருந்தது.

காலம் ஓடியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்ற பெருமையோடும், அதைவிடப் பெரிய அச்சத்தோடும் இங்கே வந்து சேர்ந்தேன். விலங்கியலை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஆடு மேய்த்த பழக்கமே காரணம் என்று நேர்முகத்தில் சொன்னேன். அது பாதி உண்மை.

ஒருநாள் செய்முறை வகுப்பில், ஒட்டுண்ணிகளின் கண்ணாடிச் சில்லுகளை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரையச் சொன்னார்கள். என் முறை வந்தது. குனிந்து பார்த்தேன். ஆமை போல உருண்ட உடல், எட்டுக் குட்டைக் கால்கள், முதுகில் முள் போன்ற செதில்கள். கீழே ஒட்டியிருந்த சீட்டில் சார்காப்டிஸ் ஸ்கேபியை என்று எழுதியிருந்தது. "இதுதான் மனிதருக்குச் சிரங்கும், விலங்குகளுக்குச் சொறியும் உண்டாக்கும் சிற்றுண்ணி" என்றார் எங்கள் பேராசிரியர். எனக்குக் கை நடுங்கியது. அம்மா துணியில் துடைத்தது உண்மையிலேயே பூச்சிதான்.

அன்றிலிருந்து நூலகத்தில் தேடத் தொடங்கினேன். பெண் உண்ணியின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது தோலின் மேலடுக்கில் சுரங்கம் போலத் துளைத்துச் சென்று, நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகளாக இட்டுக்கொண்டே போகும். மூன்று நான்கு நாட்களில் முட்டை பொரியும். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். அரிப்பு என்பது உண்ணியின் கடியால் மட்டும் வருவதன்று. அதன் கழிவையும் முட்டையையும் நம் உடல் எதிர்ப்பதாலும் வருவது.

1687ஆம் ஆண்டு இத்தாலியில் போனோமோ என்ற மருத்துவரும் செஸ்டோனி என்ற மருந்தாளரும் இந்த உண்ணியைக் கண்டு, சிரங்குக்குக் காரணம் இதுவே என்று எழுதினார்கள். உலகம் நம்பவில்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து, 1834இல், பாரிஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில், ரெனூச்சி என்ற ஒரு மாணவர் எல்லோர் முன்னிலையிலும் நோயாளியின் தோலிலிருந்து ஊசி முனையால் உண்ணியை எடுத்துக் காட்டினார். பெரிய பெரிய மருத்துவர்களால் முடியாதது ஒரு மாணவரால் எப்படி முடிந்தது? அவர் கார்சிகா தீவைச் சேர்ந்தவர். அந்தத் தீவின் ஏழைப் பெண்கள் தம் பிள்ளைகளின் கைகளிலிருந்து ஊசியால் உண்ணியை எடுப்பதை அவர் பார்த்து வளர்ந்திருந்தார்.

இதைப் படித்த அன்று நான் நூலகத்திலேயே சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு இன்னாத்துக்குடா நூத்தம்பது வருசம்? என்னைக் கேட்டா நான் சொல்லியிருக்க மாட்டனா?" என்றாள்.

ஆனால் படிக்கப் படிக்க ஒரு செய்தி என்னை முள்ளாய்க் குத்தியது. பெயர் ஒன்றாக இருந்தாலும், இந்த உண்ணியில் அந்தந்த விலங்குக்குப் பழகிய வகைகள் உண்டு. நாயின் உண்ணி மனிதர் மேல் ஏறினால் சில நாட்கள், சில வாரங்கள் அரிப்பு இருக்கும். ஆனால் மனிதத் தோலில் அது தன் குடும்பத்தைப் பெருக்கி நிலைக்க முடியாது. தானாகவே அடங்கிவிடும். மாதக் கணக்கில் நிற்கும் சிரங்கு பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது. ஒரே பாயில் படுப்பதும், நெருங்கி உறங்குவதும் அதற்குப் போதும்.

எனக்குச் சிரங்கு மூன்று மாதம் இருந்தது. அப்படியானால் அது மணியிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. செய்யாத குற்றத்துக்கு ஒரு நாய் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டது. தீர்ப்பை நிறைவேற்றியவன் நான்.

அதே புத்தகம் இன்னொன்றையும் சொன்னது. நாயிடமிருந்து மனிதனுக்கு எளிதில் நிலைக்காத இந்த உண்ணி, நாயிடமிருந்து நரிக்கும் ஓநாய்க்கும் குள்ளநரிக்கும் எளிதில் தாவும். அவை நெருங்கிய உறவினர்கள் அல்லவா? ஒரே வளையில் படுத்தாலும், ஒரே செத்த ஆட்டின் மேல் கூடினாலும் போதும்.

பேராசிரியரிடம் ஒருநாள் துணிந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "உன் நாயால்தான் வந்தது என்று சொல்ல உன்னிடம் சான்று இல்லை. உன் ஊரில் எத்தனை சொறி நாய்கள் இருந்தன? எல்லாம் கரட்டுக்குப் போய் வருபவைதாமே? ஆனால் இல்லை என்று சொல்லவும் சான்று இல்லை. தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொள்ளப் பழகு. தெரிந்ததை வைத்து ஏதாவது செய்" என்றார். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. அதனாலேயே அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

தெரிந்தது என்ன? உலகின் பல பகுதிகளில் இந்நோய் விலங்குக் கூட்டங்களை எப்படி ஆட்டிப் படைத்தது என்பதைத் தொகுத்துப் பார்த்தேன். 1970களின் நடுவில் இந்நோய் சுவீடன் நாட்டுச் செந்நரிகளிடையே பரவி, 1980களில் அவற்றின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே தள்ளியது. நரி குறைந்ததும் முயல்களும், காட்டுக் கோழி இனங்களும் பெருகின. பிறகு நரிகள் மீண்டபோது அவை மறுபடி குறைந்தன. நரி எவ்வளவு வேட்டையாடுகிறது என்பதை, அது நோயுற்று விலகியபோதுதான் அறிவியலார் அளந்தறிந்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1994இல் இந்நோய் புகுந்து, இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட நரிகளைக் கொன்றது. அவை மீளப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின.

அமெரிக்காவில் நடந்தது வேறு வகை. அங்கே மொன்டானா மாநிலத்தில் 1905இல், ஓநாய்களையும் கயோட்டி என்னும் சிற்றோநாய்களையும் ஒழிக்க, அரசே அவற்றைப் பிடித்துச் சொறி உண்ணியை ஏற்றிக் காட்டில் விட்டது. யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926க்குள் ஓநாய்கள் துப்பாக்கிக்கும் நஞ்சுக்கும் பலியாகி அற்றுப்போயின. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து அங்கே மீண்டும் குடியேற்றினார்கள். 2007இல் அந்த ஓநாய்களிடம் சொறி தோன்றியது. மனிதன் வேண்டுமென்றே பரப்பிய நோய் ஒரு நூற்றாண்டு கழித்தும் அவ்வட்டாரத்தை விட்டுப் போகவில்லை.

நோய் ஏன் கடைசி விலங்கு வரை கொன்று தீர்ப்பதில்லை? இதற்கு விடை காணும் கணக்கின் வேர் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், மலேரியாவை ஒழிக்க எல்லாக் கொசுவையும் கொல்லத் தேவையில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால் போதும் என்று பின்னாளில் கணக்கிட்டுக் காட்டினார். நம் நாட்டில் கசௌலி பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய மெக்கென்ட்ரிக், கெர்மாக் என்பவரோடு சேர்ந்து 1927இல் அதை எல்லாத் தொற்றுநோய்க்கும் பொருந்தும் கணக்காக விரித்தார்.

எளிமையாகச் சொல்கிறேன். ஒரு நோயுற்ற நரி சாகுமுன் இரண்டு நரிகளுக்கு நோயைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இப்படியே நான்கில் மூன்று பங்கு நரிகள் மாண்டுபோயின. இப்போது ஒரு நரி இன்னொன்றைச் சந்திக்கும் வாய்ப்பும் கால் பங்காகிவிட்டது. எனவே ஒரு நோயுற்ற நரி சராசரியாக அரை நரிக்குத்தான் நோயைத் தர முடியும். எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், நோய் தேயும். மிஞ்சிய நரிகளுக்கு இடமும் இரையும் தாராளம். குட்டிகள் பிழைக்கும். கூட்டம் பெருகும். பெருகினால் நோய் திரும்பவும் வழி உண்டு. கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் தோல் வணிகக் கணக்கேடுகளில், முயலும் லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனையும் ஏறக்குறைய பத்தாண்டுக்கொரு முறை பெருகித் தேய்வதைக் காண்கிறோம். சொறிநோயின் ஏற்ற இறக்கம் அவ்வளவு ஒழுங்கானதன்று. ஆனால் பெருக்கமே சரிவுக்கும், சரிவே பெருக்கத்துக்கும் வழிவிடும் தன்மை இரண்டிலும் உண்டு.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. நரி குறைந்தாலும் நாய் குறைவதில்லையே? கரட்டில் நரி நான்காகக் குறைந்த பிறகும் ஊரில் சொறி நாய் நாற்பது இருந்தால், தேய வேண்டிய நோய் தேயாது. நாய்களே அதற்குக் களஞ்சியம். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றுள் சிலவற்றின் உடலில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் கண்டறியப்பட்டது. மகாராட்டிரத்தின் நன்னஜ் புல்வெளிப் பகுதியில் குள்ளநரிகளையும் ஊர் நாய்களையும் ஆய்ந்தவர்கள், நாய்களில் பெரும்பாலானவை இத்தகைய வைரஸ்களுக்கு ஆளாகியிருந்ததைக் கண்டார்கள். நோய் வேறாகலாம், வழி ஒன்றுதான்.

சாலையோரத்தில் நாம் கொட்டும் கோழிக் கழிவு இதற்கு இன்னொரு வழி. தனித்தனியே திரிய வேண்டிய நாயும் நரியும் அங்கே ஒரே பந்தியில் கூடுகின்றன. கனடாவின் எட்மண்டன் நகரில், சொறி பிடித்த கயோட்டிகள் மக்கிய உணவுக் குவியல்களை நாடி வருவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வேட்டையாடத் தெம்பற்ற விலங்கு வேறெங்கே போகும்?

இவ்வளவு படித்ததில் என் மனத்தில் ஆழப் பதிந்தது யெல்லோஸ்டோன் ஆய்வின் ஒரு முடிவு. சொறி பிடித்த ஓநாய் முடியை இழப்பதால் குளிர்காலத்தில் உடல் வெப்பத்தையும் இழக்கிறது. தனியே இருந்தால் அதன் முடிவு நெருங்கிவிடும். ஆனால் நோயில்லாத துணைகள் பல உள்ள பெரிய கூட்டத்தில் வாழும் நோயுற்ற ஓநாய் அதிக நாள் பிழைக்கிறதாம். மற்றவை வேட்டையாடுகின்றன, எல்லையைக் காக்கின்றன. நோயுற்றதும் உண்கிறது. தனிப் பலகையில் உட்கார்ந்திருந்த மூன்று மாதமும், ஓடையோரத்தில் நின்ற மணியும் ஒரே சமயத்தில் என் நினைவுக்கு வந்தன.

கடந்த மார்கழியில் ஒரு மாலை. நான் கொல்லையில் வேர்க்கடலைக் கொடி கட்டிக்கொண்டிருந்தேன். கரட்டிலிருந்து ஒரு குரல் நீண்டு எழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அவ்வாவுக்கு இப்போது காது மந்தம். இருந்தும் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "நக்க!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கிருந்தோ, ஆந்திரப் பக்கத்துக் காடுகளிலிருந்தோ என்னவோ, ஒரு சோடி வந்து சேர்ந்திருந்தது.

மகிழ்ச்சி முழுமையாக நீடிக்கவில்லை. தை மாதத்தில் எங்கள் ஆட்டுக்குட்டி ஒன்று போயிற்று. நைனா இரத்தத் தடத்தைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "உன் நரி வந்துடுச்சுடா. சந்தோசமா?" என்றார். எங்களுக்கு ஓர் ஆட்டுக்குட்டி என்பது என் ஒரு பருவத்துத் தேர்வுக் கட்டணத்தைவிட அதிகம். நான் தலை குனிந்து நின்றேன். பக்கத்துக் கொல்லைக்காரர், மிச்ச இறைச்சியில் மருந்து வைத்துவிடலாம் என்றார்.

அன்று நைனாவிடம் நான் நெடுநேரம் பேசினேன். நரி, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்பட்ட விலங்கு என்றேன். அவர் அசையவில்லை. மருந்து வைத்தால் நம் நாயும், காக்கையும் சேர்ந்து சாகும் என்றேன். சற்று யோசித்தார். நரி இல்லாத ஆண்டுகளில் வேர்க்கடலைக் கொல்லையில் எலி வளை எத்தனை என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆண்டுகளில் எலியைத் திட்டித் தீர்த்தவர் அவரேதான். எலி பெருக நரி இல்லாதது மட்டுமே காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். மழையும் காரணமாகலாம், விளைச்சலும் காரணமாகலாம். அதையும் அவரிடம் சொன்னேன். "தெரியாதத தெரியாதுன்னு சொல்றியே, இதுக்காடா காலேஜு?" என்று சிரித்தார். பிறகு எழுந்து, பட்டிக்கு முள் வேலியை இரட்டையாகக் கட்டினார். மருந்து வைக்கவில்லை. அதன் பிறகு இதுவரை குட்டி போகவில்லை.

மாசியில் எங்கள் தெருவில் கறுப்பன் என்ற நாய்க்குக் காது ஓரம் முடி கொட்டத் தொடங்கியது. யாருடைய நாயும் அன்று, எல்லோர் வீட்டுச் சோறும் தின்னும் நாய். ஒரு பெரியவர் வழக்கம்போல், "எங்கனா கொண்டுபோய் உடுங்கடா" என்றார். நான் கோணிப் பையை எடுத்தேன். நைனா என்னைப் பார்த்தார். அதே சைக்கிள், அதே கோணி. ஆனால் இம்முறை சைக்கிள் ஓடைப் பக்கம் போகவில்லை. கால்நடை மருந்தகத்துக்குப் போயிற்று.

மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்த்து, எடைக்கேற்ற அளவில் ஊசி போட்டார். முட்டைகள் மருந்துக்குச் சாவதில்லை, பொரிந்த பிறகே சாகும், எனவே இரண்டு வாரம் கழித்து மறுபடி கொண்டுவா என்றார். அந்த மருந்தின் பெயர் ஐவர்மெக்டின். ஜப்பான் நாட்டு மண்ணில் ஒமுரா என்பவர் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. அவரும் கேம்ப்பெல் என்பவரும் அதற்காக 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். நாமாக அளவு தெரியாமல் கொடுக்கக்கூடாத மருந்து என்பதையும் மருத்துவர் அழுத்திச் சொன்னார்.

இரண்டாம் முறை என்னோடு நைனாவும் வந்தார். ஒன்றரை மாதத்தில் கறுப்பனுக்கு முடி முளைத்துவிட்டது. பெயருக்கேற்ற கறுப்பு. ஒரு மாலை, திண்ணையில் படுத்திருந்த அதன் காதைத் தடவிக்கொண்டே நைனா மெல்லச் சொன்னார்: "அன்னிக்கு எனுக்குத் தெரிஞ்சிருந்தா மணிய உடச் சொல்லியிருக்கமாட்டேன்டா." எட்டு ஆண்டுகளாக நான் மட்டும் சுமந்தேன் என்று எண்ணியிருந்த சுமையை, அவரும் சொல்லாமல் சுமந்திருக்கிறார்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பட்டம் கிடைத்தால் வேலை கிடைக்கும் என்றுதான் பெற்றோர் அனுப்புகிறார்கள். அது கிடைக்கட்டும். ஆனால் அதற்கு முன்பே, படித்ததில் ஒரு வரியாவது நம் தெருவுக்குத் திரும்பிப் போகலாம் அல்லவா? கோழிக் கழிவைச் சாலையோரத்தில் கொட்டாமல் புதைக்கச் சொல்லலாம். தெரு நாய்க்குச் சொறி வந்தால் கல்லை எடுக்காமல் மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லலாம். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்களை இம்மலரின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கறுப்பன் என் காலடியில் படுத்திருக்கிறது. கரட்டின் மேல் பொழுது சாய்கிறது. அவ்வா உலை வைக்காமல் காத்திருக்கிறாள். கடிகாரத்தில் மணி ஆறரை ஆகிவிட்டது என்று அம்மா சொல்லியும் அவள் கேட்கவில்லை.

இதோ, கேட்கிறது.